அப்பாவின் வேட்டிகள் எரிந்த விதம்

எங்கள் வீட்டில் துணியைக் கசக்கிப் போடுவது கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம். அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் வேட்டிப் பிரிவில் நின்றே ஆயுளைக் கழித்தவர். விரித்துக் காட்டிய வேட்டியை, வந்தவர் வேண்டாமென்று எழுந்து போன பிறகு, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கரை வெளியே தெரியும்படி மடித்து, உள்ளங்கையால் ஒரு தேய் தேய்த்து அடுக்கில் வைப்பார். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கைக்குட்டை, கரித்துணி, தரை துடைக்கும் துணி என்று எது கிடைத்தாலும் மடிப்புதான். திருநெல்வேலியிலிருந்து கல்யாணம் ஆகி வந்தபோது அம்மாவுக்கு இந்தப் பைத்தியம் கிடையாது. அவரிடமிருந்து தொற்றிக்கொண்டது. தம்பிக்கும் உண்டு. எனக்கு மட்டும் ஒட்டவே இல்லை. நான் மடித்தால் ஒரு மூலை நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். எருமை படுத்த மாதிரி என்ன மடிப்பு இது என்று அம்மா பிரித்து மறுபடி மடிப்பாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வகுப்பில் சொல்வேன். இங்கேயும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

வகுப்பு என்றால் வேதியியல். அடையாறில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். வாய் கொஞ்சம் அதிகம். கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் என்று என் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் பேசுவது எனக்குத் தெரியும். அரைகுறை விடை எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. விடை தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும் என்பேன். அந்தப் பிடிவாதம் வீட்டுக்குள் வந்து இப்படி ஒரு வேலையைச் செய்யும் என்று நினைக்கவில்லை.

அப்பா போன பிறகு அம்மா மந்தைவெளி வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். பழைய அடுக்குமாடி, முதல் மாடி, இரண்டு அறை. தம்பி திருவான்மியூரில் இருக்கிறான். எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று அவன் சொல்லாத மாதமில்லை. அம்மா அசையவில்லை. காலையில் மாட வீதிக்கு நடந்து போய்க் கீரை வாங்க வேண்டும், கீரைக்காரியிடம் கொஞ்சம் சண்டை போட வேண்டும், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும், சாவி தன் இடுப்பில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது. கொஞ்சம் மறதி வந்திருந்தது உண்மை. ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போடுவாள். சொன்ன விஷயத்தையே மறுநாள் போனில் புதிதாகச் சொல்வாள். தம்பி கவலைப்பட்டான். நான் அவனை அடக்கினேன். மூக்கில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிறவள் நான், என்னை எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறாய் என்று கேட்டேன்.

போன வருஷ மழையில் அம்மாவின் வாசல் கதவு ஊதிப்போய், பாலீஷ் செதில் செதிலாக உரிந்திருந்தது. நல்ல தேக்குக் கதவு. ஜூன் மாதம், கத்திரி முடிந்தும் வெயில் குறையாத ஒரு வியாழக்கிழமை, திருவல்லிக்கேணியிலிருந்து பாலீஷ் போடும் பாய் வந்தார். இழைத்துத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி, துணியால் துடைத்து, மறுபடி பூசி, மறுபடி துடைக்கிற வேலை. அதற்கு நல்ல பருத்தித் துணி வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். அம்மா பீரோவைத் திறந்து அப்பாவின் வேட்டிகளை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மத்தியானம் போனில் அதைச் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. அப்பா வேட்டியையா கொடுத்தே என்று கேட்டேன்.

"கட்டிக்க ஆளில்லாத வேட்டிய வச்சுப் பூசையா பண்ண முடியும், ஏட்டி? கதவாவது பளபளங்கட்டும்" என்றாள். குரலில் ஒரு கலக்கமும் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் தீப்பிடித்தது.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். எதிர்வீட்டு அம்மாள் சமையலறை ஜன்னல் வழியாகப் புகை வருவதைப் பார்த்து, அம்மா தன்னிடம் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியால் திறந்து, மாடி வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, எல்லோருமாகக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார்கள். நான் துணைத்தேர்வு மேற்பார்வையில் இருந்தேன், போனை அணைத்து வைத்திருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது தம்பி வந்திருந்தான். அம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், கையில் பிரசாதப் பொட்டலம் இன்னும் இருந்தது.

அந்தச் சமையலறையில் பின்பக்கச் சுவர்தான் எரிந்தது. அந்தச் சுவரில், கண் மட்டத்துக்குச் சாமி அலமாரி, மர அலமாரி. அதற்குக் கீழே மூலையில் பழைய பேப்பர்க் கட்டு. சாமிப் படங்களில் கண்ணாடி வெடித்து, அலமாரி பாதி கரியாகி, குத்துவிளக்கு கருத்துப் போய்த் தரையில் கிடந்தது. காஸ் சிலிண்டர் எதிர்ச் சுவரோரம் இருந்ததால் தப்பித்தோம். தம்பி அந்தச் சிலிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே முடிவுதான். கிழவி விளக்கை ஏற்றி வைத்துவிட்டு மறந்து போய்விட்டாள். யாரும் அம்மா எதிரில் சொல்லவில்லை, ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

"நான் அமத்திட்டுத்தான் போனேன்" என்றாள் அம்மா. திருநெல்வேலிப் பக்கத்தில் விளக்கை அணைத்தேன் என்று சொல்ல மாட்டார்கள், அமர்த்தினேன் என்பார்கள். "பூவ வச்சு அமத்திட்டு, திரியத் தொட்டுப் பாத்துட்டுத்தான் போனேன்."

தம்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சரிம்மா, விடு" என்றான்.

அவன் அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அந்த 'விடு' இருக்கிறதே, அதில் அம்மா அடிபட்டதை நான் பார்த்தேன். மறுத்துப் பேசியிருந்தால் அவளும் பதிலுக்குப் பேசியிருப்பாள். குழந்தையிடம் சொல்கிற மாதிரி விடு என்றதும் வாயை மூடிக்கொண்டாள். வெந்த புண்ணில் வேல் என்பார்களே, அதுதான்.

வீட்டைச் சரிபண்ணும் வரைக்கும் அம்மாவை அடையாறுக்குக் கூட்டிவந்தேன். அதற்குப் பிறகு திருவான்மியூர் என்று தம்பி சொல்லிவிட்டான். இந்தத் தடவை கேட்கவில்லை, சொன்னான். நானும் அவனும் போனில் கத்திக்கொண்டோம். சிலிண்டர் வெடித்திருந்தால் என்ன பதில் சொல்வாய் என்று கேட்டான். பதிலுக்கு இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

என் வீட்டில் அம்மா விளக்கேற்றவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து வந்து ஏற்றுகிறவள். நீயே ஏத்தும்மா என்று தீப்பெட்டியை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். காபி போட்டுவிட்டு அடுப்புத் திருகைத் தொட்டுப் பார்ப்பாள். கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்து போய்த் தொட்டுப் பார்ப்பாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, நீ ஒரு தடவை பாரு என்பாள். முதலில் எனக்குப் பரிதாபமாக இருந்தது, பிறகு எரிச்சல் வந்தது, எரிச்சல் வந்ததே என்று அழுகை வந்தது.

ஒருநாள் சாயங்காலம் பூக்கட்டிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஏட்டி, நான் அமத்தினேனா, அமத்தலையா? உனக்கு என்ன தோணுது?"

நான் அங்கே இல்லை. எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவள் கேட்டது அதை அல்ல. படிக்கட்டில் அவ்வளவு உறுதியாகச் சொன்னவள், இப்போது தன் கை செய்ததை என்னிடம் கேட்கிறாள். நீ அமர்த்தியிருப்பே என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. தன்னையே நம்பாதவள் என்னை எப்படி நம்புவாள்? அந்த நிமிஷம் எனக்குத் தீர்மானமாகிவிட்டது. வீடு, சாவி, கீரைக்காரி எல்லாம் அப்புறம். அம்மாவுக்கு அவள் புத்தியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளிக்குப் போய்க் குப்பையை அள்ளினேன். வெள்ளையடிக்கும் ஆள் மறுநாள் வருவதாக இருந்தது. எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று பேசிக்கொண்டே இருந்தாள். எரிந்து நனைந்த பேப்பர்க் கட்டைப் புரட்டினால், அடியில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப் பையின் மரக்கைப்பிடி கிடந்தது. பை எரிந்து போயிருந்தது. அதனுள் இருந்த துணிகளில் பெரும்பாலும் சாம்பல். ஒரே ஒரு மடிப்பு மட்டும், தண்ணீர் முதலில் பட்டதாலோ என்னவோ, தப்பித்திருந்தது. அப்பாவின் வேட்டி. எண்ணெய் வாடை அடித்தது.

மடிப்பைக் குலைக்காமல் ஒரு பக்கத்தில் விரலால் விலக்கிப் பார்த்தேன். வெளிப்பக்கம் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். கரையின் பச்சை நிறம்கூடத் தெரிந்தது. உள்ளே போகப் போகக் கறுப்பு. நட்டநடுவில் தொட்டால் உதிர்கிற கரி.

வெளியிலிருந்து நெருப்புப் பட்டால் வெளிப்பக்கம்தான் முதலில் கருகும். இது உள்ளிருந்து எரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த விஷயம் அம்மாவின் சமையலறை மூலையில் கிடந்திருக்கிறது, எனக்குத் தோன்றவில்லை.

எண்ணெய் காய்கிறது என்கிறோம். தண்ணீர் காய்வது வேறு, அது ஆவியாகப் போய்விடும். ஆளிவிதை எண்ணெய் எங்கேயும் போவதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு கெட்டியாகிறது. அப்படிச் சேரும்போது வெப்பத்தை விடுகிறது. வெப்ப உமிழ் வினை. கதவில் பூசினால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும், கை வைத்தாலும் தெரியாது. எண்ணெய்த் துணியை நெருக்கி அடுக்கி மூலையில் வைத்தால் சூடு வெளியே போக வழியில்லை. உள்ளே தங்குகிற சூடு வினையை வேகப்படுத்தும், வேகமான வினை இன்னும் சூட்டைக் கொடுக்கும். தீக்குச்சி வேண்டாம், விளக்கு வேண்டாம். பிள்ளைகள் இதை நம்பவே மாட்டார்கள். யாராவது பத்த வைக்கணுமே மிஸ் என்பார்கள். பத்த வைக்க ஆள் தேடுகிற புத்தி நம் எல்லோருக்கும் இருக்கிறது.

விளக்கு இல்லை, இந்தத் துணிதான் என்று எதிர்வீட்டு அம்மாளிடம் சொன்னேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"நெருப்பில்லாம புகையுமா டீச்சர்?"

புகையும் என்றேன். இதில் புகைதான் முதலில் வரும், நெருப்பு அப்புறம். அவளுக்கு அது பெற்ற தாயைக் காப்பாற்ற ஒரு மகள் சொல்லும் சமாதானமாகத்தான் பட்டிருக்கும்.

பாலீஷ் பாய்க்குப் போன் செய்தேன். தீப்பிடித்த செய்தி அவருக்கும் எட்டியிருந்தது, எடுத்தவுடனே குரல் நடுங்கியது. நான் பீடி கூடக் குடிக்கிறதில்லம்மா என்றார். உங்கள் மேல் பழி போடக் கூப்பிடவில்லை, அந்தத் துணிகளை என்ன செய்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். கதவு முடியவே இருட்ட ஆரம்பித்துவிட்டதாம். துணிகளை வாரி எடுத்துக்கொண்டு, போகிற வழியில் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிடுகிறேன் என்றிருக்கிறார்.

"அம்மாதான் வாணாம்னுட்டாங்க. வெளக்கு வெச்சாச்சு, இப்ப குப்பைய வெளிய அனுப்பக் கூடாது, நாளைக்கு வெள்ளிக்கெழம, அன்னிக்கும் ஆகாது, சனிக்கெழம நானே போட்டுக்கறேன்னாங்க. நான் பேப்பர் மேல அப்படியே போட்டுட்டு வந்துட்டேம்மா."

அப்படியே என்றால் எப்படி, மடித்தா என்று கேட்டேன். அழுக்குத் துணிய எவன் மடிப்பான் என்று சிரித்துவிட்டார். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு எனக்குக் காதில் இருந்தது. அதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று வேறு வேலை பார்த்தேன்.

தம்பியிடம் சும்மா சொன்னால் நம்ப மாட்டான். செய்து பார்த்துவிட்டுத்தான் பேசுவது என்று முடிவு செய்தேன். அதே எண்ணெய் வாங்கினேன். என் வீட்டுப் பழைய பருத்தித் துணிகளை நனைத்தேன். மொட்டைமாடியில், பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரும் மணலும் வைத்துக்கொண்டு, ஒரு துணியைக் கொடியில் விரித்துப் போட்டேன். மற்றதை மடித்து ஒரு கட்டைப் பையில் போட்டு, நடுவில் பள்ளிக்கூடத்து வெப்பமானியைச் செருகி, மேலே பழைய பேப்பர்களை வைத்தேன். அம்மா கீழே தூங்கிக்கொண்டிருந்தாள். பிடிவாதமாக வெயிலில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மாடிக்குத் துணி உலர்த்த வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

கொடியில் போட்ட துணி காற்றின் சூட்டைவிட ஏறவில்லை. அது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் பையில் இருந்ததும் கொஞ்சம் வெதுவெதுப்பாகிவிட்டு, சாயங்காலம் இறங்கிவிட்டது. பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். வழக்கம் போல் என் மடிப்பு, எருமை படுத்த மாதிரி. துணிக்கும் துணிக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி. அந்த வழியாகச் சூடெல்லாம் தப்பித்துப் போயிருந்தது.

மறுநாள் புதுத் துணிகளை நனைத்து மறுபடி செய்தேன். இந்தத் தடவை அப்பா மடிப்பது போல் மடித்தேன். பழக்கமில்லாத கை, பல தடவை பிரித்துப் பிரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். விரலெல்லாம் எண்ணெய். மத்தியானத்துக்கு மேல் வெப்பமானியில் பாதரசம் ஏற ஆரம்பித்தது. முதலில் மெதுவாக ஏறியது, பிறகு கண் முன்னாலேயே ஏறியது. மீன் எண்ணெய் கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. அப்புறம் பேப்பருக்கு அடியிலிருந்து மெல்லிசாகப் புகை. வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றினேன்.

ஜெயித்துவிட்டேன் என்று குதிக்க வேண்டியவள்தான். ஈர மாடியில் உட்கார்ந்துவிட்டேன். வெறுமனே குவித்துப் போட்டிருந்தால் அந்த மூலையில் தீப்பிடித்திருக்குமா என்பதே சந்தேகம். நன்றாக மடிக்கத் தெரிந்த கை வேண்டும். பாய் மடிக்கவில்லை, பையிலும் போடவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டில் அப்படி மடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அம்மா மடித்ததில் ஒரு குற்றமும் இல்லை, எண்ணெய்த் துணி தானாகப் பற்றும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? ஆனால் தீப்பிடித்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் அந்தப் பையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பயந்து மறைக்கிறவள் அல்ல அவள். அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளையடித்து முடிந்ததும் தம்பியை மந்தைவெளிக்கு வரச் சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிப்போனேன். பாதி விடை மட்டும் சொல்வது என்று தீர்மானித்திருந்தேன். அரைகுறை விடைக்கு மார்க் போடாத நான்தான்.

புது அலமாரி மாட்டியாகிவிட்டது. சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. தம்பியையும் அம்மாவையும் கூடத்தில் உட்கார வைத்து, வகுப்பில் நடத்துகிற மாதிரியே நடத்தினேன். எண்ணெய், ஆக்சிஜன், சூடு, எரியாமல் கிடைத்த ஒரு மடிப்பு, மாடியில் வந்த புகை, எல்லாம். தம்பி குறுக்கே பேசவில்லை. புகை வந்த போது எடுத்த படத்தைப் போனில் காட்டினேன். வெகு நேரம் அதைப் பார்த்தான். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நான் தப்பா நெனச்சுட்டேம்மா" என்றான்.

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அத்தனை நாள் இறங்கியிருந்த தோள் நிமிர்ந்தது.

"அமத்துனேன்னு சொன்னேன்லா? சொன்னேன்லாலே? பூவ வச்சு அமத்திட்டுத்தான் போனேன்."

ஆமாம்மா, நீ சரியாகத்தான் சொன்னே என்றேன். அவள் சிரித்தாள். அதோடு முடிந்திருக்கலாம்.

தம்பிதான் கேட்டான், கெட்ட எண்ணத்தில் அல்ல. எண்ணெய்த் துணியை அப்படி அடுக்கி அங்கே வைத்தது யார் என்று கேட்டான். பாயாகத்தான் இருக்கும், வேறு யார் என்று சொல்லிவிட்டேன். அவர் போனில் நடுங்கிய நடுக்கம் நினைவுக்கு வந்தது. வந்தும் சொன்னேன்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பாவம், அந்த மனுசன் மேல பழியப் போடாத. வேலைக்காரன் துணிய மடிச்சா வைப்பான்? ஒரு மடிப்பு எரியாமக் கெடந்துதுன்னியே, அத எடுத்துட்டு வா பாப்போம்."

வேண்டாம்மா, நாற்றம் என்றேன். எடுத்துட்டு வா என்றாள். தம்பி எழுந்து போய், பின்பக்க பால்கனியில் நான் பேப்பரில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தான்.

அவள் பேப்பரைப் பிரித்தாள். உள்ளிருந்த கரியைப் பார்க்கவில்லை. ஓரத்தைத்தான் பார்த்தாள். பச்சைக் கரை ஒரு நூல்கூட விலகாமல் ஒன்றின் மேல் ஒன்று நின்றது. கட்டை விரலால் அதை நீளத்துக்குத் தடவினாள். மூலையைத் தூக்கிப் பார்த்தாள். அப்பாவின் மடிப்பில் கடைசியில் முனையை உள்பக்கமாகச் செருகுவார், அது செருகியிருந்தது.

"இது நான் மடிச்சதுட்டி" என்றாள்.

தம்பி என் பக்கம் திரும்பினான்.

"எனக்கு நெனப்பே இல்லையே" என்றாள் அம்மா. குரலில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. "பாய் போனது நெனப்பிருக்கு. கதவத் தொட்டுப் பாத்தது நெனப்பிருக்கு. இத மடிச்சது இல்ல. அவரு வேட்டிய மடிச்சிருக்கேன், எனக்குத் தெரியலையே." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்குத் தெரியும், என்ன?"

நான் தலையை ஆட்டினேன்.

அவள் அந்த மடிப்பை மடியிலேயே வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் ஒரு தடவை தேய்த்தாள். கரி கையில் ஒட்டியது. பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"ஏலே, உங்க வீட்டுல எனக்கு எந்த ரூம்பு?"

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இவ்வளவு நாள் இதைத்தானேடா கேட்டாய் என்று எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. அவன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை என்றும் தெரிந்தது. நான் பாடுபட்டு விளக்கைக் காப்பாற்றினேன், அம்மாவின் வீட்டை என் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டேன். விளக்குதான் காரணம் என்று விட்டிருந்தால் அவள் கடைசி வரைக்கும் இல்லை என்று சண்டை போட்டிருப்பாள். இந்த மடிப்போடு சண்டை போட முடியவில்லை.

பொழுது சாய்ந்துவிட்டது. அம்மா எழுந்து கை கழுவி, முகம் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கருத்துப் போன குத்துவிளக்கை நான் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். அவளாகவே தீப்பெட்டியை எடுத்து ஏற்றினாள். என்னைக் கூப்பிடவில்லை. கும்பிட்டுவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள்.

அந்த மடிப்பு கண்ணில் படக்கூட வேண்டாம் என்று எனக்கு இருந்தது. பேப்பரோடு சுருட்டிக்கொண்டு, தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன்.

"ஏட்டி, எங்க கெளம்பிட்டே? வெளக்கு வச்சாச்சுல்லா? காலம்பற போட்டுக்கிடலாம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "பாத்தியா, இதெல்லாம் மறக்கல."

நான் செருப்பைக் கழற்றினேன். குளியலறைக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்து, அந்த மடிப்பை அதில் போட்டு, மேலே வராதபடி முழங்கை வரை கையை விட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். கூடத்திலிருந்து அம்மா, கதவு நல்லா வந்திருக்குல்லா என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.